காற்றாலை டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்: சாம்பிள் பிடிப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

கயத்தாறு, தேவர்குளம், ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலை வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அண்ணாந்து றெக்கையைத்தான் பார்ப்பார்கள். காத்தாடியின் காலடியில் கம்பிவேலிக்குள் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் கண்ணில் படாது. ஜெனரேட்டர் தரும் 690 வோல்ட்டை (பழைய சிறிய இயந்திரங்களில் 400 வோல்ட்) 11, 22 அல்லது 33 கிலோவோல்ட்டுக்கு ஏற்றி லைனுக்குத் தள்ளுவது அதுதான். அதற்குள் இருக்கும் கனிம எண்ணெய்க்கு இரண்டு வேலை: காயில் சூட்டை வெளியே கொண்டுவருவது, மின்சாரம் தாவாமல் தடுப்பது. எண்ணெய் கெட்டால் முதலில் காயிலைச் சுற்றிய காகிதம் கெடும். எண்ணெயை மாற்றலாம். காகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்மரையே பிரிக்க வேண்டும்.

சைட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “பிடிவி அம்பது வந்திருக்கு, ஆயில் நல்லாருக்கு.” இதில் பாதிதான் உண்மை. பிடிவி என்னும் உடைவு மின்னழுத்தம், அதாவது எத்தனை கிலோவோல்ட்டில் எண்ணெய் வழியே பொறி தாவும் என்ற அளவு, எண்ணெயில் உள்ள ஈரத்தையும் தூசியையும் மட்டுமே காட்டும். எண்ணெய் எவ்வளவு முதுமை அடைந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. புளித்துப்போன எண்ணெயைக்கூட ஃபில்டர் மெஷினில் இரண்டு சுற்று ஓட்டினால் பிடிவி ஏறிவிடும், அமிலம் அப்படியே இருக்கும். அதனால் குறைந்தது பிடிவி, ஈரம், அமிலத்தன்மை மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எப்போது எடுப்பது?

மாசி, பங்குனிதான் வசதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரீதர் (டேங்க் மூச்சு விடும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட குழாய்) வழியாக என்ன ஈரம் உள்ளே போயிருந்தாலும் அதற்குள் எண்ணெயிலும் காகிதத்திலும் பரவியிருக்கும். காற்றும் குறைவு, நிறுத்தினால் உற்பத்தி இழப்பு அதிகமில்லை. ரிப்போர்ட் வந்து ஃபில்டர் பண்ண வேண்டியிருந்தாலும் வைகாசிக்குள் முடித்துவிடலாம். ஆடியில், அம்மியே பறக்கிற காற்றில் வால்வைத் திறந்தால் தேரி மணல் பாட்டிலுக்குள் விழும். தென்காசிப் பக்கம் சாரல் விழும் நாளிலும் எடுக்கவே கூடாது. திறந்த பாட்டில் அந்தக் காற்றில் சில நிமிடம் இருந்தாலே முடிவு மாறும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் ஆறியிருக்கும்போது ஈரத்தில் பெரும்பகுதி காகிதத்துக்குள் ஒதுங்கிவிடும், எண்ணெயில் குறைவாகத் தெரியும். சூடானால் காகிதத்திலிருந்து எண்ணெய்க்கு வரும். எனவே சாம்பிள் எடுக்கும்போது டாப் ஆயில் (டேங்கின் மேல்பகுதி எண்ணெய்) வெப்பநிலையைக் கட்டாயம் எழுத வேண்டும். வெப்பநிலை இல்லாத ஈர அளவு பாதி ரிப்போர்ட்தான்.

கணக்கைப் பாருங்கள். புதிய கனிம எண்ணெயில் 25 டிகிரி செல்சியஸில் கரையக்கூடிய தண்ணீர் ஏறத்தாழ 68 பிபிஎம் (பத்து லட்சத்தில் 68 பங்கு). 35 டிகிரியில் அது 100. 60 டிகிரியில் 240. ஆகவே 25 பிபிஎம் என்ற அதே எண் 60 டிகிரியில் பத்து சதவீத நிறைவுதான். 25 டிகிரியில் அது 37 சதவீதம். இதைவிட மோசமானது இன்னொன்று: நல்ல லோடில் 60 டிகிரியில் ஓடும்போது 90 பிபிஎம் கரைந்திருக்கிறது, கிரிட் போய் இரவு முழுக்க ஆறுகிறது என்று வையுங்கள். காகிதம் திரும்ப உறிஞ்ச நேரமாகும். கரைய இடமில்லாத தண்ணீர் நுண்துளியாகப் பிரியும். காலையில் சார்ஜ் பண்ணும்போது “நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே” என்று ஆளுக்கு ஆள் முழிப்பதற்கு இது ஒரு காரணம்.

சாம்பிள் பிடிப்பது

தப்பான ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை லேபில் பிறப்பதில்லை, வால்வடியில் பிறக்கின்றன. அதனால் இதை மெதுவாகப் படியுங்கள்.

முதலில் எல்.சி. (லைன் கிளியர், லைனை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்குங்கள். பிரேக்கரை ஆஃப் செய்து, ஐசொலேட்டரைத் திறந்து, இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்ட பிறகே வேலிக்குள் கால் வைக்க வேண்டும். காற்றாலையில் மின்சாரம் லைன் பக்கமிருந்தும் வரும், ஜெனரேட்டர் பக்கமிருந்தும் வரும். ஒரு பக்கத்தை மட்டும் எர்த் செய்தால் போதாது.

ஆயில் லெவல் காட்டியைப் பாருங்கள். லெவல் குறைவாக இருந்தால் சாம்பிள் எடுக்காதீர்கள், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முழுக்க மூடிய டேங்க் என்றால், ஆறிய நிலையில் உள்ளே வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்திருக்கலாம். வால்வைத் திறந்ததும் எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அந்தக் குமிழி காயிலுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டால் சார்ஜ் செய்யும்போது வெடிக்கும். சந்தேகம் இருந்தால் வால்வில் மாட்டிய டியூபுக்குள் கொஞ்சம் எண்ணெயை நிரப்பி, வால்வை மிக லேசாகத் திறந்து பாருங்கள். டியூபில் உள்ள எண்ணெய் உள்ளே இழுபட்டால் உடனே மூடிவிடுங்கள்.

அடி வால்வில்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் (எண்ணெயின் அடர்த்தி 0.89க்குள்), அதனால் அடியில்தான் சேரும். வால்வின் வெளிப்பக்கத்தைப் பஞ்சு பறக்காத துணியால் துடையுங்கள். காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் ஒரு நூலிழை பாட்டிலில் விழுந்தால் பிடிவி சரிபாதியாகக்கூட இறங்கலாம். பிறகு குறைந்தது 2 லிட்டரை ஒரு வாளியில் வடியவிடுங்கள். வால்வுக் கழுத்தில் மாதக்கணக்காகத் தேங்கிய அழுக்கு அதில் போய்விடும். இந்த இரண்டு லிட்டரை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் பல நல்ல டிரான்ஸ்ஃபார்மர்கள் ‘ஃபெயில்’ ஆகின்றன.

பாட்டில் பழுப்புக் கண்ணாடியாக, ஒரு லிட்டர் கொள்வதாக, அடுப்பில் உலர்த்தியதாக இருக்கட்டும். வெள்ளைக் கண்ணாடி என்றால் கருப்புத் தாள் சுற்றுங்கள், வெயில் பட்டால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும். குடிதண்ணீர் பாட்டிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலும் கூடவே கூடாது. எவ்வளவு குலுக்கிக் கழுவினாலும் ஈரம் மிஞ்சும். அதே எண்ணெயால் இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள். டியூபைப் பாட்டிலின் அடிவரை விட்டு, நுரை வராமல் மெதுவாக நிரப்புங்கள். சூட்டில் விரிய மேலே சிறிது இடம் விட்டு மூடுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது, வியர்வையில் உப்பும் ஈரமும் இருக்கின்றன.

ஈர அளவுக்கும் கரைந்த வாயுக்களுக்கும் தனியாக 50 மில்லி கண்ணாடி சிரிஞ்சில், மூன்றுவழி அடைப்பான் போட்டு, குமிழி இல்லாமல் எடுக்க வேண்டும். பாட்டிலில் எடுத்தால் ஹைட்ரஜன் முதலில் ஓடிப்போகும்.

லேபிளில் இவை இருக்க வேண்டும்: இயந்திர எண், டிரான்ஸ்ஃபார்மர் வரிசை எண், கேவிஏ, மின்னழுத்தம், தேதி, நேரம், எண்ணெய் வெப்பநிலை, அன்றைய வானிலை, கடைசியாக ஃபில்டர் செய்த தேதி. சிலிக்கா ஜெல்லின் நிறத்தையும் எழுதுங்கள். நீல ஜெல் ஈரமானால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு வகை பச்சையாகும். ஜெல் நிறம் மாறியிருக்கிறது, ஈரமும் ஏறியிருக்கிறது என்றால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

கண்ணும் மூக்கும்

எந்தக் கருவிக்கும் முன் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். புதிய எண்ணெய் தெளிந்த வெளிர் மஞ்சள். கலங்கியிருந்தால் ஈரம், கருந்துகள் மிதந்தால் உள்ளே பொறி பறந்திருக்கிறது, செம்பழுப்பானால் முதுமை. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில எண்ணெய்கள் கறுத்தும் நல்ல அமில எண் காட்டும். மண்ணெண்ணெய் அல்லது டீசல் வாடை அடித்தால் ஃபிளாஷ் பாயின்ட் (எண்ணெய் ஆவி சுடர் பட்டுப் பற்றும் மிகத் தாழ்ந்த வெப்பநிலை) சோதனையை வரிசையில் முதலில் வையுங்கள்.

அடியில் தனித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, உலர்ந்த டெஸ்ட் டியூபில் சிறிதளவு எண்ணெயை ஊற்றி, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, 120 டிகிரி வரை சூடாக்குங்கள். தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோலச் சடசடத்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தம் இல்லையென்றால் ஈரமே இல்லை என்று பொருளல்ல. கரைந்த ஈரம் சத்தம் போடாது.

பிடிவி

முறை ஐஎஸ் 6792 என்ற இந்தியத் தரநிலையில் இருக்கிறது. சோதனைக் கிண்ணத்தில் இரண்டு எலக்ட்ரோடுகள் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். கேஜைக் கொண்டு அந்த இடைவெளியை ஒவ்வொரு நாளும் அளக்க வேண்டும். 2.5 என்பது 2.8 ஆகிவிட்டால் எண் சும்மா உயரும், நீங்களும் சந்தோஷமாக ஏமாறுவீர்கள்.

பாட்டிலை மெதுவாகப் பலமுறை கவிழ்த்துத் திருப்பி, தூசியும் ஈரமும் சமமாகப் பரவச் செய்யுங்கள். குலுக்கினால் குமிழி வரும். கிண்ணத்தை அதே எண்ணெயால் அலசி, சுவரோரமாக வழியவிட்டு நிரப்புங்கள். எண்ணெய் வெப்பநிலை அறை வெப்பநிலையை ஒட்டியிருக்கட்டும். ஏசி அறையில் குளிர்ந்த கிண்ணத்தை வெளியே எடுத்து வந்து நிரப்பினால் சுவரில் பனி படியும். நிரப்பி ஐந்து நிமிடம் பொறுங்கள், குமிழிகள் ஏறிப்போகட்டும். மூடியைச் சாத்தி, நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் ஏற்றுங்கள். பொறி தாவியதும் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கலக்கி (ஸ்டிரர்) ஓடட்டும் என்று இரண்டு நிமிடம் விட்டு, அடுத்தது. மொத்தம் ஆறு முறை. ஆறின் சராசரிதான் முடிவு.

38, 44, 41, 47, 43, 45 கிலோவோல்ட் என்று வந்தால் கூட்டுத்தொகை 258, சராசரி 43. இது ஒழுங்கான வரிசை. முதல் எண் 19 வந்து அடுத்தவை 40ஐத் தாண்டினால் ஒரு நூலிழையோ குமிழியோ முதல் பொறியில் எரிந்துபோயிருக்கும். அந்த 19ஐ வசதியாக மறந்துவிடாதீர்கள். கிண்ணத்தைக் கழுவிப் புதிதாக நிரப்பி மறுபடி ஆறும் எடுங்கள். எண்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தால் கலக்கி ஓடவில்லை, முந்தைய பொறியின் கரி இடைவெளியிலேயே நிற்கிறது. எண்கள் மேலும் கீழுமாகச் சிதறினால் எண்ணெயில் துகள் இருக்கிறது. சில நேரம் எலக்ட்ரோடு முகமே பொரிந்துபோயிருக்கும், பாலிஷ் செய்ய வேண்டும்.

இந்தக் கருவி மேசையில் உட்கார்ந்திருக்கும் 60, 80 அல்லது 100 கிலோவோல்ட். எர்த் வயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. மூடியின் இன்டர்லாக் ஸ்விட்சுக்குத் தீக்குச்சி செருகி வைக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அங்கே வேலை பார்க்காதீர்கள்.

72.5 கிலோவோல்ட் வரையிலான ஓடும் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு பிடிவி 40க்கு மேல் நல்லது, 30 முதல் 40 வரை கண்காணிப்பு, 30க்குக் கீழே நிறுத்தி நடவடிக்கை. புதிய எண்ணெய் பேரலிலிருந்து வந்தபடியே குறைந்தது 30 இருக்க வேண்டும். வெற்றிடத்தில் உலர்த்திய பிறகு 70 வர வேண்டும் என்கிறது 2018இல் திருத்திய ஐஎஸ் 335.

ஈரம்

கார்ல் ஃபிஷர் கருவி மின்னோட்டத்தை எண்ணித் தண்ணீரைக் கணக்கிடும். ஒரு மில்லிகிராம் தண்ணீருக்கு 10.71 கூலும். சிரிஞ்சை எடைபோட்டு, ஊசியால் செலுத்தி, மறுபடி எடைபோட்டு, வித்தியாசத்தைக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். இங்கே தப்பு நடப்பது பெரும்பாலும் ஊசி குத்தும் ரப்பர் மூடியில். பலமுறை குத்தி ஓட்டையானால் நம்மூர்க் காற்றின் ஈரம் உள்ளே போய், பின்னணி எண் நிலைக்கவே நிலைக்காது. கரைசலில் மெத்தனால் இருக்கும். அது குடித்தாலும் முகர்ந்தாலும் தோலில் பட்டாலும் நஞ்சு, எனவே கையுறை போட்டு, காற்றோட்டம் வைத்துச் செய்யுங்கள். 30 பிபிஎம்முக்குள் நல்லது, 40க்கு மேல் போனால் உலர்த்த வேண்டும்.

அமிலம்

ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தை முறிக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை என்பதே இந்த எண். 20 கிராம் எண்ணெயை, டொலுயீனும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் சொற்பத் தண்ணீரும் சேர்ந்த 100 மில்லி கரைப்பானில் கரைத்து, நாஃப்தால்பென்சீன் நிறங்காட்டி சில சொட்டு விட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம்பாருங்கள். ஆரஞ்சு நிறம் பச்சைக்கு மாறி 15 நொடி நின்றால் முடிவு. எண்ணெய் இல்லாத வெறும் கரைப்பானுக்கும் இதையே செய்து அந்த அளவைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகு 0.6 மில்லி என்றால் 0.6 × 0.1 × 56.1 (பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மூலக்கூறு எடை) ÷ 20 = 0.168.

0.15க்குள் நல்லது. 0.15இலிருந்து 0.30 வரை கவனம். 0.30ஐத் தாண்டினால் கசடு உருவாகி குளிர்விப்புக் குழாய்களை அடைக்கும், காகிதம் நொறுங்கத் தொடங்கும். மேலே வந்த 0.168 இரண்டாவது வகை, வருடாவருடம் பார்க்க வேண்டியது. கறுத்த எண்ணெயில் நிறமாற்றம் தெரியாவிட்டால் எடையை 5 கிராமாகக் குறையுங்கள். காரக் கரைசல் புட்டியைத் திறந்தே வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்து வலு குறையும், அமிலம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

டொலுயீனின் ஃபிளாஷ் பாயின்ட் வெறும் 4 டிகிரி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலுக்கு 12 டிகிரி. நெல்லை வெயிலில் இரண்டும் எந்நேரமும் தீப்பிடிக்கக் காத்திருப்பவை. சோதிக்கப்படும் எண்ணெயைவிடச் சோதிக்கும் கரைப்பான்தான் அபாயம். ஃபிளாஷ் பாயின்ட் கருவியின் சுடர் எரியும் அறையில் இந்தச் சோதனையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

இடைமுக இழுவிசை (எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசை) என்று ஒரு சோதனை உண்டு. புதிய எண்ணெயில் மீட்டருக்கு 40 மில்லிநியூட்டன், முதுமை ஏற ஏற 20ஐ நோக்கி இறங்கும். அமிலம் காட்டுவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். லேபில் வசதி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

தீ அபாயம்: ஃபிளாஷ் பாயின்ட்

பென்ஸ்கி மார்ட்டென்ஸ் மூடிய கிண்ணம், ஐஎஸ் 1448இன் 21ஆம் பகுதி. நல்ல எண்ணெய் 140 டிகிரிக்கு மேல் காட்டும். 2018 திருத்தப்படி புதிய எண்ணெயின் குறைந்தபட்சம் 135. பெட்ரோலியப் பொருள்களில் 93 டிகிரிக்குக் கீழே ஃபிளாஷ் உள்ளவையே ஏ, பி, சி என்ற தீ அபாய வகுப்புகளில் வரும். டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் அதற்கு வெளியே.

கிண்ணத்தைக் கோடு வரை நிரப்பி, நிமிடத்துக்கு 5 முதல் 6 டிகிரி ஏறும்படி சூடாக்கி, கலக்கியை 90 முதல் 120 சுற்றில் ஓடவிடுங்கள். 145ஐ எதிர்பார்த்தால் 120 வாக்கில் முதல் முறை சுடரை இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு 2 டிகிரிக்கும் ஒருமுறை. சுடர் 3 முதல் 4 மில்லிமீட்டர், அதை இறக்கும்போது கலக்கி நிற்க வேண்டும். கிண்ணத்துக்குள் ‘பக்’கென்று ஒரு பளிச்சிடல் பரவினால் அதுதான். சுடரைச் சுற்றி நீல வட்டம் தெரிவது ஃபிளாஷ் அல்ல, புதியவர்கள் அங்கேதான் அவசரப்படுவார்கள். முதல் இறக்கலிலேயே பற்றினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு, புதிதாக நிரப்பி இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் தொடங்குங்கள். ஒருமுறை சூடாக்கிய எண்ணெயில் லேசான பகுதி ஆவியாகியிருக்கும், அதை மறுபடி சோதிக்கக் கூடாது. ஈரம் இருந்தால் நுரைத்துச் சுடரை அணைக்கும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள்.

வளிமண்டல அழுத்தம் 101.3 கிலோபாஸ்கலிலிருந்து குறையும் ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் 0.25 டிகிரி கூட்ட வேண்டும். நெல்லைச் சமவெளியில் இது அரை டிகிரி வராது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள மலை லேப் என்றால் 3 டிகிரி.

முந்தைய ரிப்போர்ட்டைவிடப் பத்து சதவீதம் இறங்கியிருந்தால் இரண்டில் ஒன்று: டீசல் ஏற்றிய பேரலிலோ டேங்கரிலோ எண்ணெய் வந்திருக்கிறது, அல்லது உள்ளே பொறியோ அதிசூடோ எண்ணெயை உடைத்திருக்கிறது. எது என்பதைக் கரைந்த வாயுச் சோதனை சொல்லும். அசிட்டிலீன் தெரிந்தால் ஆர்க், எத்திலீன் தூக்கலாக இருந்தால் சூடு, ஹைட்ரஜன் மட்டும் தனியாக ஏறினால் சிறு பொறிகள். வாயு ஒன்றுமே இல்லாமல் ஃபிளாஷ் மட்டும் விழுந்திருந்தால் பேரலைக் கொண்டுவந்தவரைக் கேளுங்கள்.

140 என்ற எண்ணைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். எண்ணெய் ஊறிய துணி விளக்குத் திரி மாதிரி சாதாரண வெப்பநிலையிலேயே எரியும். ஃபில்டர் மெஷின் ஹோஸ் பொத்து, அழுத்தத்தில் பனிமூட்டமாகப் பீச்சினாலும் அப்படித்தான். தீ என்றால் உலர்பொடி, நுரை, கார்பன் டை ஆக்சைடு. எரியும் எண்ணெயில் தண்ணீரைப் பாய்ச்சினால் அது அடியில் போய்க் கொதித்து, எரியும் எண்ணெயை மேலே தூக்கி வீசும்.

உடம்புக்கு

தோலில் நாள்கணக்கில் பட்டால் வறண்டு வெடிக்கும், சொறி வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள். டியூபை வாயால் உறிஞ்சி எண்ணெய் இறக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இது 40 டிகிரியில் பாகுத்தன்மை 12 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும் மெல்லிய எண்ணெய், நழுவி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மிகப் பழைய, வெளிநாட்டிலிருந்து வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பிசிபி (முன்பு டிரான்ஸ்ஃபார்மர்களில் ஊற்றிய, குளோரின் கலந்த நச்சுத் திரவம்) சோதனைக்குத் தனியாக அனுப்புங்கள். தூய பிசிபி திரவம் தண்ணீரில் மூழ்கும், ஆனால் கனிம எண்ணெயில் கொஞ்சம் கலந்திருந்தால் மிதக்கத்தான் செய்யும். ஆகவே வீட்டு வைத்தியம் உதவாது. செம்புக் கம்பியில் தோய்த்துக் கொளுத்திப் பார்ப்பதும் வேண்டாம், எரிந்தால் டையாக்சின் வரும்.

பேரலும் கழிவும்

புதிய பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல்மூடியில் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறி இரவில் ஆறும்போது பேரல் மூச்சை இழுத்து, அந்த நீரையும் மூடி வழியே இழுத்துக்கொள்ளும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடங்களில் வரும்படி உருட்டி, உள்ளே எண்ணெய் அவற்றை மூடியிருக்குமாறு வையுங்கள்.

வாளியில் வடித்த இரண்டு லிட்டரும், கிண்ணம் அலசியதும், சோதித்து முடிந்ததும் கழிவு எண்ணெய். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். சென்ட்ரிங் பலகைக்குப் பூச, கரையானுக்கு அடிக்க என்று கேட்டு வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். தரையில் சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ளி, அதையும் கழிவுப் பேரலில் போடுங்கள். டொலுயீன் கலந்த கரைப்பானை எண்ணெய்ப் பேரலில் கலக்கக் கூடாது, அதற்குத் தனி டின். கலந்தால் அந்தப் பேரல் முழுவதன் ஃபிளாஷ் பாயின்ட்டும் விழுந்துவிடும்.